ஆர்ஓ வாங்கலாமா, யூவி போதுமா? (ரெண்டும் குடிதண்ணியைச் சுத்தம் பண்ற முறை: ஆர்ஓ தண்ணியைச் சவ்வு வழியா அழுத்தி உப்பைப் பிரிக்கும், யூவி புற ஊதா ஒளியால கிருமியை அடக்கும். நீளமான இழை, தொடர்ந்து எழுதிட்டு வரேன்)

ஜனவரி 9, காலை

எங்க வீட்டுத் தண்ணியோட டிடிஎஸ், அதாவது அதுல கரைஞ்சிருக்கற உப்பு, தாதுவோட மொத்த அளவு, லிட்டருக்கு 410 மில்லிகிராம். நேத்து ப்யூரிஃபையர் விக்கிற ஒருத்தர் வந்து ரெண்டு டம்ளர்ல தண்ணி எடுத்து, ஒண்ணுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் மெஷின்ல இருந்து வந்தது, ரெண்டுலயும் ஏதோ கம்பி வச்ச ஒரு கருவியைப் போட்டு கரண்ட் விட்டார். எங்க தண்ணி ஒரு நிமிஷத்துல சாக்கடை மாதிரி பழுப்பாகி அடியில சேறு தங்கிடுச்சு. அவரோட தண்ணி அப்படியே தெளிவா இருந்துச்சு. அம்மா அதைப் பாத்ததுல இருந்து குழாய்த் தண்ணியைத் தொடவே மாட்டேங்கறாங்க, "இத்தனை வருஷமா இதையாடா குடிச்சோம்"னு ஒரே புலம்பல். ஆர்ஓ வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எத்தனை லிட்டர் டேங்க், எத்தனை ஸ்டேஜ் எடுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க.

ஜனவரி 9, இரவு

கீழ ஒருத்தர் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு. "410 சரி, அந்த 410-ல என்ன என்ன இருக்கு?" பதில் தெரியல எனக்கு. உப்புன்னு சொல்லத் தெரியுது, எந்த உப்புன்னு தெரியல. அதனால முடிவை ஒரு வாரம் தள்ளிப் போடறேன்.

ஜனவரி 11

அந்த டம்ளர் சோதனையை நானே செஞ்சு பாத்துட்டேன். ரெண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, டிடிஎஸ் கம்மியா இருக்கற பாட்டில் தண்ணி. முதல்ல சும்மா போட்டேன், ஒண்ணும் ஆகல, தெளிவா இருந்துச்சு. அதே தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்துல அதே பழுப்பு, அதே சேறு. அந்தச் சேறு தண்ணியில இருந்து வரல, ஆணியில இருந்து வருது. இரும்பு கரைஞ்சு துருவா படியுது. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் நல்லா பாயும், ஆணி சீக்கிரம் கரையும். உப்பே இல்லேன்னா கரண்ட் பாயாது, தண்ணி அப்படியே இருக்கும். ஆணிக்குப் பதிலா பென்சில் ஊசி (அது கிராஃபைட்) வச்சு உப்புத் தண்ணியில விட்டேன், குமிழி வந்துச்சு, பழுப்பு வரவே இல்ல. யாராவது செஞ்சு பாத்தா ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, உப்புத் தண்ணியில கரண்ட் போனா குளோரின் வாசனை கிளம்பும். பேட்டரி மட்டும்தான், வீட்டு கரண்ட்டைத் தொட்டுடாதீங்க.

அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுதான் செஞ்சேன். ஆணியைக் கையில வாங்கி அரிச்சுப்போன இடத்தைத் தடவிப் பாத்தாங்க. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தெளிஞ்சாங்க.

ஜனவரி 12

டிடிஎஸ் மீட்டர் பத்தி. அது தண்ணியில என்ன இருக்குன்னு பாக்கவே பாக்காது. தண்ணி எவ்வளவு கரண்ட்டைக் கடத்துதுன்னு அளந்து, அதை 0.5-ல இருந்து 0.7 வரைக்கும் உள்ள ஒரு எண்ணால பெருக்கி நமக்கு ஒரு நம்பர் காட்டுது, அவ்வளவுதான். கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நம்பர். கிருமி இருந்தா காட்டாது. பூச்சிமருந்து காட்டாது. ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு, 10 மைக்ரோகிராம்னா 0.01 மில்லிகிராம், அது அம்பது மடங்கு ஏறினாக்கூட இந்த மீட்டர்ல ஒரு எண் அசையறதே சந்தேகம். டிடிஎஸ் 30 இருக்கற தண்ணியில காலரா கிருமி இருக்கலாம், 500 இருக்கற தண்ணி குழந்தைக்குக் குடுக்கற அளவுக்கு நல்லா இருக்கலாம்.

அதே நிறுவனம் டிடிஎஸ்-க்கு உடம்பு சம்பந்தமா உச்சவரம்புன்னு எதுவும் வைக்கல. 600 மில்லிகிராமுக்குக் கீழ ருசி பொதுவா நல்லா இருக்கும், 1000-க்கு மேல போகப் போக குடிக்கப் பிடிக்காம போகும்னு ருசி வச்சுத்தான் சொல்லியிருக்காங்க. அப்ப என்னோட 410-க்கு நான் எதுக்கு பயந்தேன்?

ஜனவரி 19

லேப்ல தண்ணியைக் குடுத்தேன். முதல் தடவை தப்பாப் போச்சு. நல்லா கழுவின பழைய பாட்டில்ல எடுத்துட்டுப் போனேன், லேப்ல இருந்தவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் பாக்கறதுக்கு அந்த பாட்டில் போதும், கிருமி பாக்கறதுக்கு அவங்களே குடுக்கற ஸ்டெரைல் பாட்டில் வேணுமாம். அதுக்குள்ள தயோசல்ஃபேட் கொஞ்சம் போட்டிருப்பாங்க, தண்ணியில இருக்கற குளோரினை அது செயலிழக்க வைக்கும், இல்லேன்னா போற வழியில குளோரின் கிருமியைக் கொன்னுட்டு ரிசல்ட் தப்பா வரும். நல்லா கவனிங்க, அந்த பாட்டிலைக் கழுவிடக் கூடாது.

எடுக்கற முறை: குழாய் வாயில இருக்கற வலையைக் கழட்டணும், வாயைத் துடைச்சு சுத்தம் பண்ணணும், ரெண்டு மூணு நிமிஷம் தண்ணியை ஓட விட்டு அப்புறம் பிடிக்கணும், மூடியோட உள்பக்கத்தை விரல் தொடக் கூடாது, ஐஸ் பக்கத்துல வச்சு அன்னைக்கே குடுத்துடணும். நான் ரெண்டு இடத்துல எடுத்தேன், வெளிய இருந்து லைன் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒண்ணு, கிச்சன் குழாயில ஒண்ணு. ரெண்டாவது எதுக்குன்னு லேப்ல கேட்டாங்க. ஏன்னு எனக்கே சரியா சொல்லத் தெரியல, மனசுல பட்டுச்சு.

ஜனவரி 27

ரிசல்ட் வந்தாச்சு.

எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. டிடிஎஸ் 402. கடினத்தன்மை 230. நைட்ரேட் 18 (உலக சுகாதார நிறுவன வரம்பு 50). ஃப்ளோரைடு 0.6 (வரம்பு 1.5). ஆர்சனிக், ஈயம் ரெண்டும் அவங்க கருவி பிடிக்கற அளவுக்கே இல்ல. இரும்பு 0.1.

ஈ கோலை: லைன் நுழையற இடத்துல பூஜ்யம். கிச்சன் குழாயில இருக்கு!

100 மில்லியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது அது. மலத்துல இருந்து வர்ற கிருமி. ரெண்டு வரியையும் நாலு தடவை படிச்சேன். வர்ற தண்ணி நல்லாத்தான் வருது, எங்க வீட்டுக்குள்ள வந்த அப்புறம்தான் கெடுது. நடுவுல இருக்கறது மேல்தொட்டி மட்டும்தான். கிச்சன்ல ஆர்ஓவை மாட்டி டிடிஎஸ் 40-ன்னு பாத்து சந்தோஷப்பட்டிருப்பேன், அந்தத் தொட்டித் தண்ணியிலயே பல் தேய்ச்சுக்கிட்டு, பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருப்போம்.

ஜனவரி 28

தொட்டி மேல ஏறிப் பாத்தேன். மூடி ஒரு ஓரம் உடைஞ்சு கை நுழையற அளவுக்கு ஓட்டை. பறவை எச்சம், இலை, சுவத்துல வழவழன்னு பச்சைப் படலம், ஓவர்ஃப்ளோ பைப்புக்கு வலையே இல்ல. கடைசியா எப்ப கழுவினோம்னு வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. ரொம்ப வேதனையா இருந்துச்சு. போன வருஷம் பையனுக்கு ரெண்டு தடவை வயித்துப்போக்கு வந்தது, அப்ப வெளிய எதையோ வாங்கித் தின்னுட்டான்னு அவனைத்தான் திட்டினேன். அது இந்தத் தொட்டியாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.

பிப்ரவரி 4

தொட்டி வேலை முடிஞ்சது. காலி பண்ணி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சேத்தை அள்ளி, திரும்ப நிரப்பி குளோரின் போட்டோம். கணக்கு கேட்டிருந்தீங்க: 1000 லிட்டர் தொட்டிக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் 1 லிட்டர் ஊத்தினா லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். எல்லாக் குழாயையும் திறந்து வாசனை வர்ற வரைக்கும் ஓடவிட்டு மூடிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில மொத்தத்தையும் வடிச்சுட்டு, வாசனை போற வரைக்கும் நல்ல தண்ணி விட்டு அலசணும். அந்தத் தண்ணியை யாரும் குடிச்சுடாம பாத்துக்கங்க. புது மூடி போட்டாச்சு, ஓவர்ஃப்ளோவுக்கு வலை கட்டியாச்சு.

மறுபடி சாம்பிள் குடுத்திருக்கேன்.

பிப்ரவரி 10

பூஜ்யம்.

பிப்ரவரி 12

"அப்ப உங்களுக்கு மெஷினே வேண்டாமே"ன்னு ரெண்டு மூணு பேர். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தொட்டி எப்ப வேணா திரும்பக் கெடலாம், வெளிய பைப் உடைஞ்சா லைன்லயும் கலக்கலாம், கடைசியில ஒரு காவல் இருக்கறது நல்லதுதான். என்ன மாதிரி காவல்ங்கறதுதான் கேள்வி. இத்தனை நாள் படிச்சதை என் மண்டையில ஏறின மாதிரி எழுதறேன், கொஞ்சம் நீளம்.

கிருமியும் உப்பும் வேற வேற அளவு. பாக்டீரியா ஏறக்குறைய அரை மைக்ரான்ல இருந்து சில மைக்ரான் வரை (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). வைரஸ் அதைவிட ரொம்பச் சின்னது, 0.02 மைக்ரான் அளவுலகூட உண்டு. தண்ணியில கரைஞ்ச உப்பு அதுக்கும் ரொம்பக் கீழ. மண், துரு பிடிக்கற சாதாரண கேண்டில் 5 மைக்ரான், அது கிருமியைப் பிடிக்காது. நல்ல செராமிக் கேண்டில் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை நம்ப முடியாது. யூஎஃப்ங்கற நுண்வடிகட்டிச் சவ்வோட துளை 0.01 மைக்ரான் கிட்ட, பாக்டீரியா போகாது, வைரஸ்ல பெரும்பகுதி போகாது, கரண்ட் வேண்டாம், தண்ணி வீணாகாது, ஆனா உப்பு அப்படியே போகும். ஆர்ஓ சவ்வு 0.0001 மைக்ரான்னு எழுதறாங்க, அது துளைன்னு சொல்றதைவிட தண்ணி மூலக்கூறு ஊடுருவிப் போற படலம்னு சொல்லலாம், உப்புல 90 சதவீதத்துக்கு மேல தடுத்துடும்.

கார்பன் வடிகட்டறது கிடையாது, தன்மேல ஒட்ட வச்சுக்கறது. குளோரின், வாசனை, பூச்சிமருந்துல பல வகை அதுல ஒட்டிக்கும். ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு இதெல்லாம் ஒட்டாது. இன்னொண்ணு, குளோரினை எடுத்துட்டா தண்ணிக்கு இருந்த பாதுகாப்பும் போயிடுது, அதனால பழைய கார்பன்ல கிருமி குடியேறும், கார்பனுக்கு அப்புறம் ஏதாவது ஒரு கிருமிக்கொல்லி இருக்கணும்.

யூவி எதையும் வெளிய எடுக்காது. 254 நானோமீட்டர் அலைநீள ஒளி கிருமியோட டிஎன்ஏவைச் சிதைக்கும், அது பெருக முடியாமப் போகும். தண்ணி கலங்கலா இருந்தா ஒளி போய்ச் சேராது, கலங்கல் 1 என்டியூக்கு (கலங்கலை அளக்கற அலகு) கீழ இருக்கறது நல்லது. குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம்ங்கற வயித்துப்போக்கு ஒட்டுண்ணியை யூவி நல்லாவே அடக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம்னா, 1993-ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி அந்த ஒட்டுண்ணி குழாய்க்குள்ள வந்து ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு நோய் வந்ததா மதிப்பிட்டாங்க.

சர்டிஃபிகேட் பாக்கறவங்களுக்கு: என்எஸ்எஃப்/ஆன்சிங்கறது அமெரிக்கத் தரநிலை, அதுல 42-ன்னா ருசி, வாசனை, குளோரின் மட்டும். 53-ன்னா ஈயம் மாதிரி உடம்பைக் கெடுக்கற பொருட்கள், அதுலயும் எந்தெந்தப் பொருளுக்குன்னு பட்டியல் பாக்கணும். 55 யூவிக்கு, 58 ஆர்ஓவுக்கு. "சான்றிதழ் பெற்றது"ன்னு அட்டையில பெருசா போட்டுட்டு உள்ள 42 மட்டும் இருந்தா அது ருசிக்கான சான்றிதழ்தான்.

பிப்ரவரி 13

ஒரு திருத்தம். எதுவும் வாங்காட்டி கொதிக்க வச்சுட்டா போதும், எல்லாம் சரியாயிடும்னு நேத்து ஒருத்தருக்குப் பதில்ல எழுதியிருந்தேன். தப்பு. கிருமிக்கு அது சரி, தளதளன்னு கொதிச்சு 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல மலையில இருந்தா 3 நிமிஷம். ஆனா நைட்ரேட், ஆர்சனிக், ஃப்ளோரைடு கொதிச்சா போகாது, தண்ணி ஆவியாகறதால அடர்த்தி கூடத்தான் செய்யும். நைட்ரேட் அதிகமா இருக்கற தண்ணியைக் கொதிக்க வச்சு கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கறது ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம குழந்தை நீலம் பாரிக்கும். அந்தப் பதிலைப் படிச்சவர் வீட்ல கைக்குழந்தை இருக்குன்னா தயவுசெஞ்சு நைட்ரேட் டெஸ்ட் பண்ணிடுங்க.

பிப்ரவரி 20

போர் தண்ணி டிடிஎஸ் 1900, ஃப்ளோரைடு 4.5-ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அக்கா, உங்களுக்கு ஆர்ஓதான், யோசிக்கவே வேண்டாம். இந்த இழையைப் படிச்சு ஆர்ஓ மோசம்னு யாரும் நினைச்சுடக் கூடாது. உப்புத் தண்ணிக்காகப் பிறந்ததே அது. 1960 வாக்குல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்னு ரெண்டு பேர் செல்லுலோஸ் அசிட்டேட்ல ஒரு சவ்வு செஞ்சாங்க, அதுக்கு முன்னாடி சொட்டு சொட்டா வந்துட்டு இருந்தது அப்பதான் பிரயோஜனப்படற வேகத்துல வந்துச்சு. 1965-ல கோலிங்காங்கற சின்ன ஊருக்கு, உவர்நீர்ல தவிச்ச ஊருக்கு, அதை வச்சுதான் முதல்முதலா குடிதண்ணி குடுத்தாங்க. இப்ப வீட்டு மெஷின்ல இருக்கறது பாலிஅமைடு சவ்வு, அதுக்குக் குளோரின் ஆகாது, அரிச்சுடும். ஆர்ஓவுக்கு முன்னாடி கார்பன் இருக்கறதோட முக்கியக் காரணம் அதுதான். கார்பனை மாத்தாம இழுத்தடிச்சா சவ்வு போயிடும்.

மெஷின் வந்த அன்னைக்கே உள்ள போற டிடிஎஸ்ஸும் வெளிய வர்ற டிடிஎஸ்ஸும் எழுதி வையுங்க. 1900 போய் 130 வந்தா 93 சதவீதம் தடுக்குதுன்னு அர்த்தம். இதுக்குத்தான் டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே பிரயோஜனம். ராத்திரி முழுக்க நின்ன மெஷின்ல முதல் ஒரு லிட்டர் அதிகமாக் காட்டும், அதை விட்டுட்டு அளங்க.

பிப்ரவரி 21

அந்த அக்காவுக்கே இன்னொண்ணு, நேத்து விட்டுப்போச்சு, இது ரொம்ப முக்கியம். டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், "மினரலைக் காப்பாத்தும்"னு சொல்லுவாங்க. பல மெஷின்ல அது செய்யற வேலை, ஆர்ஓ வழியா போகாத தண்ணியைக் கொஞ்சம் எடுத்து ஆர்ஓ தண்ணியோட கலக்கறது. மூணுல ஒரு பங்கு அப்படிக் கலந்தா உங்க 4.5 ஃப்ளோரைடுல 1.5 அப்படியே திரும்பி வருது, உச்சவரம்பே அதான். ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் உள்ள வீட்ல அந்தத் திருகை முழுசா மூடி வைக்கச் சொல்லுங்க. ருசி சப்புன்னு இருந்தா கால்சைட் மாதிரி தாது அடைச்ச கார்ட்ரிட்ஜ் தனியா இருக்கு, அது வேற, அது பரவாயில்ல.

ஆர்சனிக் உள்ளவங்க: ஆர்ஓ ஆர்சனிக்கோட ஒரு வடிவத்தை நல்லா தடுக்கும், நிலத்தடியில காத்துப் படாம இருக்கற இன்னொரு வடிவம் மின்னேற்றம் இல்லாதது, அதை அவ்வளவு தடுக்காது, முன்னாடி குளோரின் மாதிரி ஏதாவது வச்சு ஆக்சிஜனேற்றணும். மெஷின் மாட்டின அப்புறம் வெளிய வர்ற தண்ணியையும் ஆர்சனிக்குக்கு டெஸ்ட் பண்ணாம குடிக்காதீங்க.

பிப்ரவரி 26

வேஸ்ட் தண்ணி. எங்க வீட்டுக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 15 லிட்டர். 1 லிட்டருக்கு 3 லிட்டர் வெளிய போற ஆர்ஓ மாட்டியிருந்தா தினம் 45 லிட்டர், வருஷத்துக்கு 16 ஆயிரம் லிட்டர், குடிக்கத் தகுந்த 400 டிடிஎஸ் தண்ணியை சாக்கடைக்கு அனுப்பியிருப்பேன். அந்தக் கணக்கைப் போட்டதும்தான் ஆர்ஓ எனக்கு வேண்டாம்னு மனசு முழுசா முடிவுக்கு வந்துச்சு.

ஆர்ஓ தேவைப்படறவங்க அந்தத் தண்ணியைப் பிடிச்சு தரை துடைக்க, கழிப்பறைக்கு வச்சுக்கலாம். செடிக்கு யோசிச்சு ஊத்துங்க, 1900 உள்ள போற வீட்ல வெளிய வர்றது 2500 கிட்ட இருக்கும்.

மார்ச் 8

வாங்கிட்டேன். வண்டல் ஃபில்டர், கார்பன், யூஎஃப், கடைசியில யூவி. எத்தனை ஸ்டேஜ்னு முதல் நாள் கேட்டேனே, இப்ப அந்தக் கேள்வியே எனக்கு அர்த்தமாப் படல, கார்பனையே மூணு டப்பாவுல பிரிச்சுப் போட்டு 7 ஸ்டேஜ்னு எழுதலாம். மாட்ட வந்த தம்பி "சார், இந்தத் தண்ணிக்கு ஆர்ஓ இல்லாம கெட்டில்ல வெள்ளைப் படலம் வரும்"னான். உண்மைதான், வரும். அது கால்சியம், உடம்புக்குக் கெடுதல் இல்ல, வினிகர் ஊத்தினா போயிடும்.

கரண்ட் போனா யூவி வேலை செய்யாது, அப்பவும் குழாயில தண்ணி வந்துட்டேதான் இருக்கும்ங்கறதை மட்டும் வாங்கறதுக்கு முன்னாடி நான் யோசிக்கல. நல்லவேளை யூஎஃப் இருக்கு. உங்க மெஷின்ல விளக்கு எரியாட்டி தண்ணியை நிறுத்தற வால்வு இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

ஜூலை 15

நாலு மாசம் ஆச்சு. வண்டல் ஃபில்டர் மாட்டும்போது வெள்ளையா இருந்துச்சு, கழட்டும்போது காப்பிப்பொடி நிறத்துல வந்துச்சு. சர்வீஸ்னு போன் பண்ணி வந்த ஒருத்தர் எல்லாத்தையும் மாத்தணும்னார், லாம்ப் உட்பட. யூவி லாம்ப் ஏறக்குறைய 9000 மணி நேரம், விடாம எரிஞ்சாலே ஒரு வருஷம், நாலு மாசத்துல எதுக்குங்கன்னு கேட்டேன், பதில் வரல. அதேசமயம் ஒரு வருஷம் ஆனா லாம்ப் நீலமா எரிஞ்சாலும் மாத்திடணும், கண்ணுக்குத் தெரியற ஒளி இருக்கும், கிருமியைக் கொல்ற ஒளி குறைஞ்சிருக்கும். லாம்ப்பைச் சுத்தி இருக்கற குவார்ட்ஸ் குழாயையும் கழட்டி வெள்ளைப் படலத்தைத் துடைக்கச் சொல்லுங்க, எங்களுதுல லேசா படிஞ்சிருந்துச்சு. கடினத்தண்ணி வீட்ல இது சீக்கிரமே வரும்.

ஃபில்டர் மாத்தின தேதியை மெஷின் பக்கவாட்டுல டேப் ஒட்டி எழுதி வச்சிருக்கேன். தொட்டி கழுவற தேதியும் அதுலயே.

ஆகஸ்ட் 2

கடினத்தண்ணிக்கு சாஃப்ட்னர் மாட்டினா குடிக்கலாமான்னு கேட்டவருக்கு: சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் குடுக்கும், கிருமியை ஒண்ணும் பண்ணாது. துணி, கீஸர், குளியலுக்கு நல்லது. உப்பு குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவங்க வீட்ல கிச்சன் குழாயை அதுல சேர்க்காம விடுங்க.

ஆகஸ்ட் 19

தொட்டியை ஆறு மாசத்துக்கு ஒருதடவைன்னு வச்சிருந்ததுல ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு, நேத்து கழுவினோம். இந்தத் தடவை அடியில மெல்லிசா மண் மட்டும், பச்சை இல்ல. பையன்தான் டார்ச் பிடிச்சான். மெஷின்ல இருந்து ஒண்ணு, தொட்டியில இருந்து ஒண்ணுன்னு ரெண்டு சாம்பிள் இன்னைக்குக் காலையில குடுத்தாச்சு, நம்பர் வந்ததும் இங்க போடறேன்.

ஆகஸ்ட் 26

ரெண்டும் பூஜ்யம். அம்மா குழாய்ல நேராப் பிடிச்சுக் குடிக்கறாங்க.